சேமனின் தங்கச்சிக்கு ஆதாரம் இல்லை

கண்டல்முனைக்கு ஜீப் வந்தால் யாரோ எதையோ கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சுனாமிக்குப் பிறகு வந்த ஜீப்புகள் தோணி கொடுத்தன. வாவிக்கு மேற்கே, கடற்காற்றுக்கூட இளைத்துப்போய் வந்துசேரும் படுவான்கரை ஊரில், வாழ்நாளில் வலை தொட்டறியாத வேளாண்மைக்காரர் வாசலிலும் நீல நிற ஃபைபர் தோணி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு வந்த ஜீப்புகள் பயிற்சி கொடுத்தன. மெழுகுதிரி செய்யவும் மன அழுத்தம் இல்லாமல் மூச்சு விடவும் ஊர் பழகிக்கொண்டது. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு தை மாதம் வந்த ஜீப், வரலாறு கொடுக்க வந்திருந்தது.

அது நின்றது பூபாலபிள்ளையின் படலையடியில். அவர் உடனே வெளியே வரவில்லை. பொன்னாச்சி குடியின் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகத்தில் தன் குடிக்காக அமர்கிறவர், ஜீப் சத்தம் கேட்டு ஓடிவருவது குடிக்கு அழகல்ல. மடித்த சால்வையை விரித்து, மறுபடி மடித்து, தோளில் போட்டுக்கொண்டு அவர் முற்றத்துக்கு வந்தபோது ஜீப்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

இறங்கி நின்ற இளம்பெண் கைகூப்பினாள். "வரலாற்றுச் செம்மைச் சபையில இருந்து வாறம் ஐயா. நான் செயலாளர் நிருஷா. தோணிச் சேமனப் பத்திப் படமொண்டு எடுக்கப் போறாங்க. அது வரலாற்றுப்படி சரியா இரிக்கா எண்டு பாத்துச் சபை உண்மைச் சான்றிதழ் குடுக்கணும். நீங்க சேமன்ட வாரிசாமே? சபையில உறுப்பினரா வரணும்."

"சேமன்ட வாரிசு இல்ல மகள். சேமன்ட தங்கச்சிட வாரிசு."

"ஓம் ஐயா," என்று சொல்லி நிருஷா 'சேமனின் வாரிசு' என்று எழுதிக்கொண்டாள்.

சேமனின் கதை வாவியின் இரண்டு கரையும் அறிந்தது. எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு பஞ்சத்தில், இந்தப் பகுதியை ஆண்ட வன்னியன் தன் பங்கு நெல்லை மட்டும் தோணி தோணியாக ஏற்றிப் போனான். சேமன் கண்டல் காட்டுக்குள் மறைந்திருந்து அந்தத் தோணிகளை மறித்தான். நெல்லைப் பசித்த ஊர்களுக்குப் பங்கிட்டான். கடைசியில் பிடிபட்டான், தலை போயிற்று. உடலைத் தொட ஆண்கள் எல்லாம் பயந்து நின்றபோது, தங்கச்சி பொன்னாச்சி தனியே தோணி வலித்துப் போய், வன்னியனின் முற்றத்திலிருந்து அண்ணனை எடுத்து வந்தாள். அதைக் கண்டு வெட்கப்பட்ட வன்னியன், கண்டல்முனை முருகன் கோயில் கொடியேற்றத்தில் முதல் வெற்றிலை இனிப் பொன்னாச்சிக்கும் அவள் வயிற்றில் வந்தவர்களுக்கும்தான் என்று கட்டளையிட்டான்.

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. அப்பனுடைய குடி பிள்ளைக்கு இல்லை. ஒரே குடிக்குள் ஆணும் பெண்ணும் உடன்பிறப்பு; கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது. ஆகவே அந்த வெற்றிலை தொங்கியது சேமனின் வீரத்தில் அல்ல, அவனுடைய தங்கச்சியில். தங்கச்சி இல்லையென்றால் குடி இல்லை. குடி இல்லையென்றால் வெற்றிலை இல்லை. வெற்றிலை இல்லாத பூபாலபிள்ளை எப்படி இருப்பார் என்பதைப் பூபாலபிள்ளையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது வெற்றிலை வாங்குகிற கொம்பன் குடி வண்ணக்கர் காத்தமுத்துவோ, அதைத் தினமும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் போனதும் அடுக்களையிலிருந்து சீதேவிப்பிள்ளை வந்தாள். பூபாலபிள்ளையின் தங்கச்சி. மனைவி காலமாகி, வீடு மகளுக்குச் சீதனமாகப் போனபின் அவர் தங்கச்சியின் வீட்டில்தான் இருந்தார். அது தங்கச்சியின் வீடு என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும். சீதேவிப்பிள்ளையும் நினைவூட்டுவதில்லை, சோற்றில் உப்புக் குறைவு என்று அவர் சொல்லும் நாட்களைத் தவிர.

"என்னையும் கூட்டிப் போங்க அண்ணன். பொன்னாச்சிட பாட்டு முழுக்க எனக்குத்தான் பாடம்."

"சபை எண்டா ஆம்புளையள் கதைக்கிற இடம். நீ அங்க வந்து என்ன செய்யப் போறாய்?"

"பொம்புளைட கதையச் சொல்லப் போறன்."

"அத நான் சொல்லுவன்."

"சொல்லுவீங்க," என்றாள் சீதேவிப்பிள்ளை. "சேமன்ட மீசையில தொடங்கினீங்க எண்டா பொன்னாச்சிட்ட வந்து சேரக்குள்ள பொழுது பட்டிரும்."

வரலாற்றுச் செம்மைச் சபை மட்டக்களப்பு நகரில், சுனாமி நிவாரண அரிசி வைப்பதற்கென்று கட்டிய களஞ்சியத்தில் இயங்கியது. அரிசிக்கென்று எழுதிய பலகையைக் கழற்றாமல் அதன்மேலேயே சபையின் பலகையை அடித்திருந்தார்கள். தலைவர் கலாநிதி அருமைத்துரை. அவருடைய ஆராய்ச்சி இறால் வளர்ப்புப் பற்றியது. இறாலுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், "இரண்டும் பின்னோக்கிப் பாய்பவை" என்பார். கேட்டவர் அதற்கு மேல் கேட்பதில்லை.

பூபாலபிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் காத்தான்குடி உசனார் மாஸ்டர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய சிநேகிதர்; வயல்காரரான பூபாலபிள்ளையைப் போடியார் என்றுதான் கூப்பிடுவார். "என்ன போடியார், உங்களையும் புடிச்சிட்டாங்களா? நான் இன நல்லிணக்க உறுப்பினர். எல்லாரும் சரி எண்டு சொன்ன பிறகு நானும் சரி எண்டு சொல்லணும். அதுதான் என்ட வேலை," என்று காதுக்குள் சொன்னார்.

தலைவர் எழுந்தார். "வரலாறு என்பது ஒரு வளம். வளம் என்றால் முகாமைத்துவம், அதாவது நிர்வாகம், தேவை. முகாமைத்துவம் இல்லாத காரணத்தால்தான் எமது முன்னோர்கள் தத்தம் விருப்பப்படி வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குறையை நாம் இன்று நிவர்த்தி செய்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பூபாலபிள்ளை தட்டவில்லை, அவர் முன்னோருக்கு ஏதோ குறை சொல்லப்பட்டதுபோல் அவருக்குப் பட்டது. ஆனால் மேசையில் விரித்திருந்த பச்சைத் துணியும், ஒவ்வொருவர் முன்னாலும் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலும், இது விஷயம் தெரிந்தவர்கள் கூடும் இடம் என்று அவரை நம்ப வைத்தன.

படத்தை எடுக்கிறவர் லக்ஷன். பத்து வயதில் கனடா போய், முப்பது வயதில் கமராவோடு திரும்பியவர், நல்ல பிள்ளை, காதில் சின்னத் தோடு. அவருடைய முதல் சிக்கல் தோணி.

"வாவியில இப்ப மரத்தோணி இல்ல சேர். சுனாமிக்குக் குடுத்த ஃபைபர் தோணிதான் இரிக்கி. அதில நன்கொடை குடுத்த ஆக்கள்ட சின்னம் பெரிசா இரிக்கி. ரெண்டு கை சேந்து ஒரு வீட்டத் தாங்குற மாதிரி. பெயின்ட் அடிச்சு மறைக்கலாமா?"

"சின்னத்த மறைக்கப்படாது எண்டு ஒப்பந்தத்தில இரிக்கி," என்றாள் நிருஷா.

தலைவர் கண்ணை மூடிச் சிந்தித்தார். "பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்கொடையாளர்கள் இருக்கவில்லை என்பதற்கு இங்கே யாரிடமாவது ஆதாரம் இருக்கிறதா?"

யாரிடமும் இல்லை.

"ஆகவே, இருந்திருக்கலாம்."

அப்படியே தீர்மானமாயிற்று. உசனார் மாஸ்டரும் சரி என்றார்.

அடுத்த கூட்டத்தில் வாள் வந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகவில்லை. படப்பிடிப்புக்கென்றாலும் ஆயுதம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாள் தடியாயிற்று. தடி, சவள் என்கிற தோணித் துடுப்பாயிற்று. சவளையும் ஓங்கிப் பிடிக்காமல், தோணி வலிக்கிற மாதிரிப் பிடித்தால் நல்லது என்றார்கள். கொள்ளை என்ற சொல்லை நீக்கி 'மாற்று விநியோகம்' என்று போட்டார்கள். கண்டல் காட்டுக்குள் கண்ணிவெடி அகற்றி முடியாததால் சேமன் ஒரு ஹோட்டலின் தென்னந்தோப்பில் மறைந்து வாழ்வதென்று முடிவாயிற்று.

"தென்னைக்குப் பின்னால ஒரு ஆள் மறைய ஏலுமா?" என்று பூபாலபிள்ளை கேட்டார்.

"மறைந்து வாழ்வது என்பதே இன்றைய சூழலில் தவறாக விளங்கிக்கொள்ளப்படலாம், ஐயா," என்றார் தலைவர். "ஆகவே அவன் தெரிவது நல்லதுதான்."

சேமனுக்குத் துணை நின்ற முஸ்லிம் தோணித்தச்சர் மீரான் ஓடாவியின் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லி உசனார் மாஸ்டர் வழியெல்லாம் சிரித்தார். "எங்கட ஆளுக்கும் இடம் குடுத்திரிக்காங்க போடியார். வாறான், சிரிக்கிறான், சேமனக் கட்டிப் புடிக்கிறான், செத்துப் போறான். ஏன் சாகிறான் எண்டு கேட்டன். நல்லிணக்கத்துக்கு எண்டாங்க."

பூபாலபிள்ளை சிரிக்கவில்லை. அவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அது மூன்றாவது கூட்டத்தில் வந்தது. வந்த வேகத்தில் போனது.

"சேமன்ட தலைய வெட்டுறது வேணாம் எண்டு சபை நினைக்குது அங்கிள்," என்றார் லக்ஷன் தயங்கித் தயங்கி. "வன்னியன் மன்னிச்சு விடுறான். சேமனுக்கு மேசன் வேலைப் பயிற்சி குடுத்துக் கலியாணமும் செஞ்சு வெக்கிறான்."

"ஆட்சியாளர் தண்டித்தார் என்று காட்டினால் மனங்கள் புண்படும்," என்றார் தலைவர். "புனர்வாழ்வு அளித்தார் என்றால் மனங்கள் குளிரும்."

"தலை போகல்ல எண்டா பொன்னாச்சி எதை எடுக்கப் போனாள்?" என்றார் பூபாலபிள்ளை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அவள் போகல்ல எண்டா, வெத்தில ஏன் வந்தது?"

"பொன்னாச்சி பற்றி என்ன ஆதாரம் இருக்கிறது ஐயா?"

"பாட்டு இரிக்கி. எங்கட பொம்புளையள் பாடுவாங்க."

"பாட்டு ஆதாரமாகாது. பாட்டு என்பது மெட்டுக்காக உண்மையை வளைப்பது. கல்வெட்டு? செப்பேடு? ஏதாவது பொருள்?"

அப்போதுதான் பூபாலபிள்ளைக்குக் குடிக்குறி நினைவுக்கு வந்தது. இன்ன குடிக்காரர் மாடு என்று தெரிவதற்காக மாட்டின் தொடையில் சுடுகிற அடையாளம். பொன்னாச்சி குடிக்கு, பிறையும் அதன் குறுக்கே ஒரு சவளும். தண்ணீர்ப் போத்தலை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் அதைக் கடதாசியில் வரைந்து காட்டினார். சபை எழுந்து நின்று பார்த்தது. தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வரலாறு அதுவரை அந்தக் களஞ்சியத்துக்குள் வந்ததில்லை.

"அருமை! இதைப் படத்தில் எங்கெல்லாம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்!"

யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று மாதக்கணக்கில் ஏங்கியிருந்த மனிதர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பொன்னாச்சி குடிக்காரர் வீட்டில இந்தக் குறி இல்லாத சாமான் இருக்கப்படாது. மாட்டில, தோணியில, கதவில, தண்ணிக் குடத்தில, எல்லாத்திலயும் வரணும். பொன்னாச்சி எண்ட பேரும் எப்படியும் வரணும்."

"ரெண்டையும் வெக்கிறன் அங்கிள்," என்று லக்ஷன் எழுதிக்கொண்டார். அவர் சொன்னபடியே செய்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் வேறொன்றும் நடந்தது. முடிவில் ஒரு பெரிய அலை வந்து வன்னியனின் கோட்டையை அள்ளிப் போனால் சனத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்று லக்ஷன் யோசனை சொன்னார். கணினியில் செய்யலாம் என்றார். தலைவர் ஆதாரம் பற்றித் தொடங்குமுன் நிருஷா பேனையை மேசையில் வைத்தாள். அவள் சுனாமி அடித்த செட்டிபாளையத்துப் பிள்ளை.

"அலை வேணாம்," என்றாள்.

வேணாம் என்று விட்டார்கள். ஆதாரம் கேட்காமல் சபை எடுத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

ஆடி மாதம் சான்றிதழ் தயாரானது. படம் இன்னும் முழுமையாகவில்லை என்று சொல்லிப் பூபாலபிள்ளைக்குச் சில படத்துண்டுகளைக் காட்டினார்கள். கதவில் குறி. குடத்தில் குறி. ஒரு வெள்ளைக் கன்றின் தொடையில், உள்ளதைவிட அழகாகக் குறி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தப் பட்டியில் நின்ற மாடுகள் இத்தனை துப்புரவாக இருந்ததை அவர் கண்டதில்லை. உறுப்பினர் கையொப்பங்களில் முதலாவதாகத் தன்னுடையதை, முழுப்பெயரும் குடிப்பெயரும் சேர்த்துப் போட்டார்.

நகர மண்டபத்தில் முதல் திரையிடல். ஒரு ஆளுக்குத்தான் அழைப்பு என்று சொல்லிச் சீதேவிப்பிள்ளையை வீட்டில் விட்டுப் போனார். உசனார் மாஸ்டர் மனைவியையும் மனைவியின் தங்கச்சியையும் கூட்டி வந்திருந்தார்.

படம் அழகாகத்தான் இருந்தது. நன்கொடைத் தோணிகள் வாவியில் வரிசையாகப் போயின. சேமன் தென்னைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தெரிய மறைந்திருந்தான். பிறகு பாட்டுத் தொடங்கியது. சவளும் பிறையும் போட்ட கதவைத் திறந்துகொண்டு, சவளும் பிறையும் போட்ட குடத்தை இடுப்பில் வைத்து, சவளும் பிறையும் போட்ட கன்றை ஓட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

"பொன்னாச்சி!" என்று கூப்பிட்டான் சேமன். கூப்பிட்டு, அவள் இடுப்பைப் பிடித்தான்.

கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் கைதட்டினார்கள். படுவான்கரையிலிருந்து வந்த நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.  படம் முடிவதற்குள் வன்னியனே தாலி எடுத்துக் கொடுத்து இருவருக்கும் கலியாணம் செய்துவைத்தான்.

வெளியே வந்ததும் லக்ஷனைப் பிடித்தார். "தம்பி, அவள் அவன்ட தங்கச்சி!"

"இல்ல அங்கிள், தங்கச்சிப் பாத்திரத்த எடுத்திட்டம். அண்ணனும் தங்கச்சியும் டூயட் பாட ஏலாதே. ஆனா பேர் நல்லா இருந்திச்சி, நீங்களும் எப்படியும் வரணும் எண்டீங்க, அதால ஹீரோயினுக்கு வெச்சம்."

"அப்ப குறி? அவள்ட வீட்டில எப்படி எங்கட குறி?"

"பொன்னாச்சி குடிக்காரர் வீட்டில குறி இல்லாத சாமானே இருக்கப்படாது எண்டு நீங்கதானே அங்கிள் சொன்னீங்க?"

உசனார் மாஸ்டர் சிநேகிதரின் தோளில் கைவைத்து வான் வண்டிக்குக் கூட்டிப் போனார். அன்று அவர்கூடச் சிரிக்கவில்லை.

செய்தி அவருக்கு முன்பே கண்டல்முனைக்குப் போய்விட்டது. ஆவணியில் கொடியேற்றம். அதற்கு முந்திய கோயில் கூட்டத்தில் காத்தமுத்து எழுந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகவும் வருத்தத்தோடு பேசினார்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. படம் சொல்லுது. படம் உண்மை எண்டு அரசாங்கம் வெச்ச சபை சொல்லுது. சபை சொன்னது சரி எண்டு பூபாலபிள்ளையர்ட கையெழுத்துச் சொல்லுது. அண்ணனும் தங்கச்சியும் கலியாணம் முடிச்சு வந்த குடிக்கு முருகன் சந்நிதியில முதல் வெத்தில குடுக்கலாமா? எனக்குத் தெரியா. ஊர் சொல்லட்டும்."

ஊர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னது.

பூபாலபிள்ளை சபைக்கு ஓடினார். சால்வையை இரண்டாம் தரம் மடிக்கவும் நேரம் இருக்கவில்லை. "படத்த மாத்துங்க. இல்லாட்டிச் சான்றிதழ எடுங்க."

கலாநிதி அருமைத்துரை அன்போடு அவரை இருத்தினார். "ஐயா, திரைப்படம் முடிந்த பொருள். அதில் இனிக் கைவைக்க முடியாது. வரலாறு இன்னும் முடியவில்லை. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கைவைக்கலாம். சேமன் காலத்தில் குடி முறையே இருக்கவில்லை என்று ஓர் அறிக்கை விடட்டுமா?"

"அப்ப எங்கட குடி எங்கால வந்தது?"

"சரி, அந்தக் குறி நாடு முழுவதற்கும் பொதுவானது என்று விடுவோம்."

"அப்ப கொம்பன் குடிக்கும் அதுதானா?"

"அப்படியானால் பொன்னாச்சி வேறு குடியிலிருந்து தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. இதுதான் மனங்களுக்கு மிகவும் இதமானது."

கூட வந்திருந்த உசனார் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மூணுல எதப் புடிச்சாலும் வெத்தில போகுது போடியார்."

தலைவர் விடவில்லை. கண்டல்முனையிலேயே இலவசமாக ஒரு 'நடமாடும் உண்மைத் திரையிடல்' நடத்திச் சந்தேகங்களைத் தீர்ப்பதாக அறிவித்தார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை, அறுவடை முடிந்த கோயில் வட்டையில் வெள்ளைத் திரை கட்டினார்கள். படம் முடிந்ததும் ஊர் முடிவு சொல்ல வேண்டும் என்று காத்தமுத்து முன்வரிசையில் பாய் போட்டுக் குந்தினார்.

அன்று முழுக்கப் பூபாலபிள்ளை சாப்பிடவில்லை. தங்கச்சி தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்தாள்.

"ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருந்தீங்க எண்டா..." என்று தொடங்கியவள் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சரி, வாங்க. நானும் ஒருக்கா அந்தக் கண்ராவியப் பாக்கத்தானே வேணும்."

பொழுது பட்டதும் தலைவர் பேசினார். வரலாறு வளம், வளத்துக்கு முகாமைத்துவம். ஊர் பொறுமையாக இருந்தது. ஜீப்பில் வந்தவர்கள் பேசி முடித்தால்தான் ஏதும் கொடுப்பார்கள் என்பது அதற்குப் பழக்கம். பிறகு படம் ஓடியது. தோணியில் இருந்த சின்னத்தைக் கண்டு, "அந்தா எங்கட தோணி!" என்று சிலர் மகிழ்ந்தார்கள். மீரான் ஓடாவி சிரித்தார், செத்தார். உசனார் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். பாட்டுத் தொடங்கியது. கதவு, குடம், கன்று.

"பொன்னாச்சி!" என்றான் சேமன்.

ஊர் பூபாலபிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேமனின் கை இடுப்புக்குப் போனது. பெண்கள் பக்கத்திலிருந்து, மாடு விரட்டிப் பழகிய ஒரு குரல் வட்டையைக் கிழித்துக்கொண்டு போனது.

"அடியே பொன்னாச்சி! அவன் உன்ட அண்ணன்டி! தட்டி விடுடி கைய!"

சீதேவிப்பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

 பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "ஓம்டி, அண்ணன்டி!" என்றாள். அடுத்த பாயில் சிரிப்பு வெடித்தது. திரையில் சேமன் ஒரு தென்னையைச் சுற்றி வந்தான், வட்டை முழுக்க "அண்ணன்! அண்ணன்!" என்று கத்தியது. அவன் அவள் காதில் ஏதோ சொன்னான், "ஓடு பொன்னாச்சி, ஓடு!" என்றார்கள். நகர மண்டபத்தில் வெறும் கைதட்டு வாங்கிய அந்தப் படம் இங்கே உயிர்பெற்று ஓடியது. மாற்று விநியோகம் நடந்தபோது, "அதச் செய் மனே, அதுதான் உன்ட வேலை, அவள விடு!" என்று ஒரு கிழவர் புத்தி சொன்னார். லக்ஷன் திரையை விட்டுவிட்டுச் சனத்தைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

கலியாணக் காட்சி வந்தது. வன்னியன் தாலியை நீட்டினான். சேமன் வாங்கினான். பெண்கள் "கட்டாத! கட்டாத!" என்று கையை வீசினார்கள். சேமன் குனிந்தான். முன்வரிசையில் ஒரு மனிதர், பாயை உதறித் தள்ளிவிட்டு, திரைக்கு முன்னால் துள்ளி எழுந்தார்.

"டேய் சேமன்! அது உன்ட தங்கச்சிடா! கொள்ளிவாயா, தாலியக் கீழ வைடா!"

அது காத்தமுத்து.

ஊர் சிரித்த சிரிப்பில் மின்பிறப்பாக்கியின் சத்தம் கேட்காமல் போனது. சேமன் தாலி கட்டினானா இல்லையா என்பதை யாரும் பார்க்கவில்லை. காத்தமுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். திரை வெளிச்சத்தில் அவருடைய நிழல் மணமக்களுக்கு நடுவில் பெரிதாக விழுந்திருந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "மச்சானே சொல்லிட்டார், தங்கச்சி எண்டு. அப்ப அந்தத் தாலி பொய்."

"உணர்ச்சி வசப்பட்டுச் சொன்னது..." என்று காத்தமுத்து தொடங்கினார்.

"உண்மை வேற எப்படி வரும் மச்சான்? குந்துங்க. படம் முடிஞ்சிது, கதை முடியல்ல."

வெறுந்திரையில் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்க, அவள் அந்த இடத்திலேயே நின்று பொன்னாச்சியின் பாட்டைத் தொடங்கினாள். பொன்னாச்சி தோணி வலித்துப் போன அடியில் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கொம்பன் குடிப் பெண்களும்தான். பூபாலபிள்ளை அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார், எப்போதும் அடுக்களைப் பக்கமிருந்து, அரைகுறையாக. அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பொன்னாச்சி ஒரு கையால் தோணி வலித்தாள் என்று ஒரு அடி வருவதை அன்றுதான் கேட்டார். சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கண்ணில் நுளம்பு விழுந்துவிட்டது என்றார். பக்கத்தில் இருந்த உசனார் மாஸ்டர், தனக்கும் நுளம்புதான் என்றார்.

கலாநிதி அருமைத்துரை ஒலிவாங்கியைத் தேடி எடுத்தார். "இதைத்தான் நமது சபை 'பங்கேற்பு வரலாறு' என்று அழைக்கிறது. இது ஆரம்பத்திலிருந்தே எமது திட்டத்தில்..."

யாரோ மின்பிறப்பாக்கியை நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை கொடிமரத்தடியில் ஊர் கூடியது. கப்புகனார், கோயில் பூசை செய்கிறவர், வெற்றிலைத் தட்டத்தோடு வந்து குரல் கொடுத்தார்.

"பொன்னாச்சி குடி!"

காத்தமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூபாலபிள்ளை சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். அவருடைய மாமனும், மாமனின் மாமனும் நின்ற இடத்தில்தான் நின்றார். கை நீட்டினார். தட்டம் அருகில் வந்துவிட்டது.  ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கண் பெண்கள் பக்கம் போனது.

அவர் கையை மடக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இது பல வருடமாகத் தான் எடுத்திருந்த முடிவு என்பதுபோல, உரத்துச் சொன்னார்.

"கப்புகனார், ஆள் மாறி வந்திட்டீங்க. வன்னியன் முதல் வெத்தில குடுத்தது ஒரு பொம்புளைக்கு. எங்கட குடியில மூத்த பொம்புளை அங்கால நிக்கிறா."

சீதேவிப்பிள்ளை முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ என்று. பிறகு அவசரமாகக் கையைச் சேலையில் துடைத்தாள். பெண்கள் அவளை முன்னால் தள்ளினார்கள். தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றினாள். 

பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. சபை உறுப்பினருக்கும் ஒண்டு."

ஊர் சிரித்தது. சீதேவிப்பிள்ளை கட்டையானவள், பூபாலபிள்ளையின் மார்பளவுக்குத்தான் வருவாள். தட்டம் சரியாமல் இருக்க அவள் கையை இன்னும் தாழ்த்தித்தான் நீட்டியிருந்தாள். அந்தக் கையிலிருந்து வாங்குவதென்றால் நன்றாகக் குனிய வேண்டும்.

பூபாலபிள்ளை குனிந்தார்.